சாயம், வெளிச்சம், வெற்றிலை

கண்டி டவுனில் இருந்து ஹந்தானை வீதியால் ஏறினால், தேயிலை மியூசியத்துக்குப் போகும் வழியில் அடிப்படைக் கற்கைகளுக்கான தேசிய நிறுவனம் இருக்கிறது. 1981இல் கொண்டுவரப்பட்ட ஒரு சட்டத்தின் கீழ் உருவான ஆய்வு நிறுவனம். பேராதனையில் படிக்கிற நாங்கள் எல்லாரும் ஹந்தானை ஏறியிருக்கிறோம். படம் எடுத்திருக்கிறோம், அட்டைக்கடி வாங்கியிருக்கிறோம், மலையைப் பற்றிக் கவிதைகூட எழுதியிருக்கிறோம். ஆனால் அந்தக் கட்டடத்துக்குள்ளே என்ன நடக்கிறது என்று எங்கள் கலைப்பீடத்துப் பெடியள் பெட்டையள் கேட்டதாக ஞாபகம் இல்லை. "அது சயன்ஸ்காரருடைய வேலை மச்சான்" என்று விட்டுவிடுவது வழக்கம்.

இந்த முறை விடவில்லை. அங்கே பல வருடங்களாக நடக்கிற சூரியகல ஆய்வைப் பற்றி வாசிக்கத் தொடங்கினோம். வாசித்துக்கொண்டே போனால் புற்றுநோய்ச் சிகிச்சையில் போய் நின்றோம். இரண்டும் தூரத்து விஷயங்கள் போலத்தான் தெரியும். ஆனால் இரண்டிலும் வேலை செய்வது ஒன்றுதான்: வெளிச்சத்தை வாங்கிக்கொள்கிற சாயம். தமிழில் எங்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. பள்ளிக்கூடப் புத்தகத்தில் உடம்பில் இருப்பதும் கலம்தான், கூரையில் இருப்பதும் சூரியகலம்தான்.

முதலில் கூரைக்குப் போவோம். வழமையாக நாம் காண்கிற நீலக் கறுப்புப் பலகைகள் சிலிக்கனால் செய்தவை. 1991இல் சுவிற்சர்லாந்தின் லொசான் நகரில் பிரையன் ஓ'ரீகனும் மைக்கேல் கிரேட்சலும் வேறொரு வழியைக் காட்டினார்கள். டைட்டேனியம் டையொக்சைட் என்பது பெயின்ற்றை வெள்ளையாக்கப் போடுகிற பொடி. கண்ணுக்குத் தெரிகிற வெளிச்சத்தை அது உறிஞ்சாது, அதனால்தான் அது வெள்ளை. அந்தப் பொடியை மிக நுண்ணிய துணிக்கைகளாகக் கண்ணாடியில் பரப்பி, அதன் மேல் ஒரு சாயத்தை ஏற்றினார்கள். சாயம் வெளிச்சத்தை வாங்கும். வாங்கிய சக்தியில் அதன் ஒரு இலத்திரன் துள்ளி எழும்பும். அதை வெள்ளைப் பொடி பிடித்து வயருக்குள் அனுப்பிவிடும். சுற்றி வருகிற இலத்திரனைத் திரும்பச் சாயத்திடம் சேர்க்க, நடுவில் அயடீன் கலந்த ஒரு திரவம். பச்சை இலை வெயிலைப் பிடிக்கிற முறைக்கு இது சொந்தக்காரன்.

தொல்லை அந்தத் திரவம்தான். கசியும், காயும். ஹந்தானையில் கீர்த்தி தென்னகோனும் அவருடைய குழுவினரும் திரவத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் செப்பு அயடைட் என்கிற திண்மத்தை வைத்தார்கள். 1995இல் வெளிவந்த அவர்களுடைய கட்டுரையில் இருந்த சாயத்தின் பெயர் சயனிடின். செவ்வரத்தை, ரோசா போன்ற பூக்களின் சிவப்புக்குப் பின்னால் இருக்கிற சாயம் அது. விழுந்த வெயிலில் கிட்டத்தட்ட 0.8 சதவீதத்தைத்தான் அந்தக் கலம் மின்சாரமாக்கியது. ஒரு சதவீதம்கூட இல்லை. கேட்டால் சிரிப்பு வரும்.

ஆனால் கேள்வி சரியான கேள்வி. திரவம் இல்லாமல், முழுவதும் திண்மமாக இதைச் செய்யலாமா? பிறகு உலகம் அதே கேள்வியைத்தான் கேட்டது. 2009இல் யப்பானில் மியாசாகா குழு சாயத்தின் இடத்தில் பெரொவ்ஸ்கைற் என்கிற பளிங்கை வைத்து 3.8 சதவீதம் எடுத்தது. அதிலும் திரவம் இருந்தது, பளிங்கைக் கரைத்தது. 2012இல் திரவத்தை எடுத்துவிட்டுத் திண்மத்தை வைத்த பிறகுதான் அந்தத் துறை பாய்ந்தது. அடுத்த ஒன்றிரண்டு வருடத்துக்குள் அமெரிக்காவில் ஒரு குழு, ஹந்தானையில் வைத்த அதே செப்பு அயடைட்டைப் பெரொவ்ஸ்கைற் கலத்தில் வைத்துப் பார்த்தது. இன்று ஆய்வுகூடப் பெரொவ்ஸ்கைற் கலங்கள் 26 சதவீதத்தைத் தாண்டிவிட்டன. கண்டியில் இருந்து ஒருவர் தனியே இதையெல்லாம் கண்டுபிடித்தார் என்று நாங்கள் சொல்லவரவில்லை. உலகம் பேசிக்கொண்டிருந்த ஒரு பேச்சில் எங்கள் மலையில் இருந்தும் ஒரு குரல் நேரத்தோடு கேட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதுவே எங்களுக்குப் பெரிய விஷயமாகப் பட்டது.

இப்போது அடுத்த கலம். சாயம் வெள்ளைப் பொடியில் இல்லாமல் உயிருள்ள கலத்துக்குள் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் விழுகிறது. சாயம் வாங்கிக்கொள்கிறது. வாங்கிய சக்தியைக் கொடுக்க அங்கே வயர் இல்லை. பக்கத்தில் இருப்பது ஒட்சிசன். அதனிடம் கொடுத்துவிடுகிறது. சக்தி ஏறிய அந்த ஒட்சிசன் பக்கத்தில் என்ன இருக்கிறதோ அதை எரித்துவிடும். ஆனால் அதற்கு ஆயுள் மிகக் குறைவு. ஒரு தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கு தூரம் போவதற்குள் முடிந்துவிடும். ஆகவே சாயமும் வெளிச்சமும் சந்திக்கிற இடத்தில் மட்டும்தான் கலம் சாகும். பக்கத்து வீடு தப்பிக்கும். ஒளியியக்கச் சிகிச்சை என்று இதைச் சொல்கிறார்கள்.

இதன் தொடக்கமும் எங்களுக்குப் பிடித்திருந்தது. 1900ஆம் ஆண்டு, மியூனிக். ஒஸ்கார் ராப் என்ற மருத்துவ மாணவன், பேராசிரியர் தப்பைனரின் கீழ் பரமேசியம் என்ற ஒருகல உயிரியை ஒரு சாயத்தில் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தான். இருட்டில் அவை உயிரோடு இருந்தன. வெளிச்சம் பட்டபோது செத்தன. 1903இல் தப்பைனரும் சகாக்களும் தோல் புற்றுநோயில் இயோசின் என்ற சாயத்தைப் பூசி வெளிச்சம் காட்டிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு நீண்ட காத்திருப்பு. இரத்தத்தின் சிவப்போடு உறவுள்ள போர்பிரின் என்ற மூலக்கூறில் இருந்து செய்த போட்டோபிரின் என்ற மருந்துக்கு 1993இல் கனடாவும் 1995இல் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன.

இந்த இடத்தில்தான் இரண்டு கதைகளும் கைகுலுக்குகின்றன. 2014இல் லொசானில் 13 சதவீதம் எட்டிய சூரியகலத்தின் சாயமும் போர்பிரின் குடும்பம்தான். 1993இல் கிரேட்சல் குழு 10 சதவீதத்தைத் தொட்டது ருத்தேனியம் என்ற உலோகம் உள்ள சாயத்தால். 2017இல் கனடாவில் சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளரிடம் சோதிக்கத் தொடங்கிய ரீஎல்டி 1433 என்ற ஒளி மருந்தின் நடுவிலும் இருப்பது ருத்தேனியம். சாயம் ஒன்றல்ல, ஆனால் குடும்பம் ஒன்று. ஒரு வித்தியாசம் மட்டும் முக்கியம். சூரியகலத்துச் சாயம் வாங்கியதைக் கண்ணிமைப்பதற்கும் முதல் கைமாற்றிவிட வேண்டும். மருந்துச் சாயம் ஒட்சிசன் வந்து சேரும்வரை சக்தியைப் பிடித்து வைத்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரத்தை எப்படி நீட்டுவது, எப்படிக் குறைப்பது என்பதில்தான் இரண்டு துறை ஆட்களும் மண்டையை உடைக்கிறார்கள்.

(இதை வாசித்துவிட்டுச் செவ்வரத்தைப் பூ அவித்துக் குடித்தால் புற்றுநோய் மாறும் என்று யாரும் வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள். நாங்கள் அப்படிச் சொல்லவில்லை.)

சரி, இதற்கும் கண்டிக்கும் என்ன? ஒளியியக்கச் சிகிச்சைக்கு ஒரு பெரிய மட்டுப்பாடு இருக்கிறது. வெளிச்சம் உடம்புக்குள் ஆழமாகப் போகாது. ஒரு சென்றிமீற்றர் போனாலே பெரிது. ஆகவே அது பொருந்துவது வெளிச்சம் எட்டக்கூடிய, ஆழம் இல்லாத இடங்களுக்கு. வாய் அப்படியான இடம். 2001இல் ஐரோப்பா இதே வகையில் ஒரு மருந்தை, வேறு சிகிச்சைகள் கைகொடுக்காத தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்காக அனுமதித்தது.

இலங்கையில் ஆண்களுக்கு அதிகமாக வருவது வாயையும் தொண்டையையும் சார்ந்த புற்றுநோய்கள்தான். காரணம் தேடிக் கன தூரம் போகத் தேவையில்லை. வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலை இல்லாத வெற்றிலைக் கூட்டும், தனிப் பாக்கும்கூட மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட தொகுப்பில் சொல்லிவிட்டது. "நான் பொகையில போடுறதில்ல, வெறும் பாக்குத்தான்" என்று எங்கள் வீட்டுப் பெரியவர்கள் சொல்கிற சமாதானத்துக்கு அதோடு இடமில்லை.

தோட்டங்களில் வெற்றிலை என்பது வெறும் பழக்கம் இல்லை. விடியக் குளிரில் மலைக்கு ஏறும்போது அதுதான் சூடு. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் பசியை அடக்குவதும் அது. கலியாணம், சாமி கும்பிடு, சாவு எல்லாவற்றிலும் தட்டில் அது. கிழடுகள் நாலுபேர் லயத்து வாசலில் இருந்து கதைக்க ஒரு சாட்டும் அதுதான். "விட்டுடுங்க" என்று ஒரு துண்டுப்பிரசுரத்தில் அச்சடித்துக் கொடுத்தால் விடுகிற சாமான் இல்லை.

எங்களில் ஒருத்தியின் அம்மாயி புசல்லாவைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கொழுந்து எடுத்தவர். 2021 கடைசியில் உட்கன்னத்தில் ஒரு புண். "மொளகா பட்டிருக்கும் புள்ள, ஆறிடும்" என்று இருந்தார். தோட்டத்து டிஸ்பென்சரியில் விற்றமின் குளிசை கிடைத்தது. புண் ஆறவில்லை. பிறகு ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிக் கடிதம் ஒன்று கொடுத்தார்கள். கடிதம் சிங்களத்தில் இருந்தது. வாசிக்கத் தெரிந்தவர் லயத்து வீட்டில் இல்லை. அதை ரேசன் கார்டோடு ஒரு பையில் பத்திரமாக மடித்து வைத்துவிட்டார். லீவுக்குப் போன பேத்தி பையைத் திறந்து பார்க்கும்போது கடிதத்தில் குறித்த நாள் தாண்டிக் கன நாள்.

அதற்குள் 2022 வந்துவிட்டது. அந்த வருடத்தைப் பற்றி உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. டீசல் இல்லை, பஸ் இல்லை. ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு, புற்றுநோய் மருந்து உட்பட. எங்களுடைய விரிவுரைகள் ஒன்லைனுக்குப் போயின, சிக்னல் இல்லாத தோட்டங்களில் அதுவும் போயிற்று. மின்சக்தியும் புற்றுநோயும் வேறுவேறு பாடங்கள் என்று நினைப்பதற்கு அந்த வருடம் இடம் விடவில்லை. கதிர்வீச்சு மெசினுக்குக் கரண்ட் வேண்டும், குளிரூட்டிக்குள் இருக்கிற மருந்துக்குக் கரண்ட் வேண்டும், நோயாளி மலையில் இருந்து இறங்க டீசல் வேண்டும். மூன்றும் ஒரே நேரத்தில் இல்லாமல் போனது.

அம்மாயி ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அந்த ஆவணியில். சத்திரசிகிச்சை, பிறகு கதிர்வீச்சு. இன்றைக்கு இருக்கிறார். வாய் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறக்கும். சோற்றைக் கஞ்சியாக்கித்தான் குடிக்கிறார். பேச்சு பேத்திக்கு மட்டும்தான் முழுதாக விளங்கும். நாங்கள் இந்தச் சாயம், வெளிச்சம் கதையெல்லாம் சொன்னபோது பேத்தியைப் பார்த்துக் கேட்டார்: "அப்ப வெளிச்சத்த வாய்க்குள்ள ஊத்துவாங்களா?" ஒருவிதத்தில் அப்படித்தான் அம்மாயி என்றோம். போட்டோபிரின் ஏற்றிக்கொண்டவர்கள் குறைந்தது 30 நாள் வெயிலில் படக்கூடாது, தோலும் சாயத்தை வாங்கியிருக்கும் என்றும் சொன்னோம். அதற்கு அவர் சிரித்தார். மாதம் முழுக்க வெயில் படாமல் இருக்கிறதென்றால், யார் பேர் போடுவது?

தோட்டத்துக்கு வெளியே உள்ளவர்களுக்காக: 'பேர்' என்பது செக்ரோலில் விழுகிற அன்றைய நாள் சம்பளம். அரைநாள் வேலைக்கு அரைப்பேர். கிளினிக் போன நாளுக்குப் பேர் இல்லை. பஸ் காசு தனி.

அந்தச் சிரிப்புக்குப் பிறகு நாங்கள் வாசிக்கிற திசையை மாற்றினோம். ஒளி மருந்து வருவதற்கு முன்பே, இப்போது கையில் இருக்கிற அறிவு ஏன் லயத்துக்கு வந்துசேரவில்லை?

அதற்கும் ஆய்வுகள் இருக்கின்றன. எங்கள் பல்கலைக்கழகத்தின் பல்மருத்துவ பீடம் வாய்ப்புற்றுநோய் ஆய்வில் உலகம் அறிந்த இடம். 1984இல் சமன் வர்ணகுலசூரியவும் சகாக்களும் உலக சுகாதார நிறுவனத்தின் சஞ்சிகையில் ஒரு இலங்கை ஆய்வை வெளியிட்டார்கள். ஆரம்ப சுகாதார ஊழியர்களுக்குப் பயிற்சி கொடுத்து, வீடுகளுக்குப் போகும்போது மக்களின் வாயையும் பார்க்கச் சொன்னார்கள். அவர்களால் சந்தேகமான புண்களை நன்றாகவே அடையாளம் காண முடிந்தது. ஆனால் மேற்பரிசோதனைக்குப் போகச் சொன்னவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர்தான் போனார்கள். நாங்கள் பிறப்பதற்குப் பல வருடங்களுக்கு முன்னாலேயே, அம்மாயியின் பைக்குள் இருந்த கடிதத்தைப் பற்றி யாரோ எழுதி வைத்ததுபோல இருந்தது.

இரண்டாவது ஆய்வு கேரளத்தில். திருவனந்தபுரத்தில் 1996இல் தொடங்கி, 13 பஞ்சாயத்துகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் பயிற்சி பெற்றவர்கள் வீடுவீடாகப் போய் மக்களின் வாயை வெளிச்சத்தில் பார்த்தார்கள். மற்றப் பகுதியில் வழமையான சிகிச்சை மட்டும். 2005இல் லான்செற் சஞ்சிகையில் முடிவு வந்தது. புகையிலை அல்லது மதுப் பழக்கம் உள்ளவர்களிடையே வாய்ப்புற்றுநோய்ச் சாவு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. எந்தப் புது மருந்தும் இல்லை. நேரத்தோடு பார்த்தார்கள், அவ்வளவுதான்.

இதில் எங்களை நிமிர்ந்து உட்கார வைத்தது வேறொன்று. வீடுவீடாகப் போய்ப் பார்த்த அந்த ஊழியர்கள் டொக்டர்மார் இல்லை, நேர்ஸ்மார் இல்லை. மருத்துவம் அல்லாத பாடங்களில் பட்டம் பெற்றவர்கள். அதாவது எங்களைப் போன்றவர்கள். "ஆர்ட்ஸ் படிச்சு என்ன செய்யப் போறீங்கள்?" என்று கலியாண வீட்டில் கேட்கிற மாமாமாருக்கு, பட்டதாரி நியமனத்துக்காக வீதியில் நிற்கிற எங்கள் அக்காமாருக்கு, இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அப்படியென்றால் ஹந்தானையில் நடப்பது வீண் வேலையா? எங்களுக்குள்ளேயே இதைப் பற்றிப் பெரிய வாக்குவாதம் போனது. ஒருத்தன் சொன்னான், 0.8 சதவீதத்துக்குச் செலவழித்த காசில் தோட்டத்துக்கு ஒரு அம்புலன்ஸ் வாங்கியிருக்கலாமென்று. திருகோணமலைப் பெட்டை விடவில்லை. புல்மோட்டைக் கடற்கரையில் அள்ளுகிற இல்மனைற் மணலில்தான் டைட்டேனியம் இருக்கிறது. மணலை மணலாகக் கப்பலில் ஏற்றிவிட்டு, அதில் இருந்து செய்த வெள்ளைப் பொடியை விலை கொடுத்து வாங்குகிற நாட்டில், அந்தப் பொடியைப் பற்றி யோசிக்கிற ஆட்களையும் இல்லாமல் செய்தால் மிச்சம் என்ன என்று கேட்டாள். அவள் சொன்னதோடு நாங்கள் நிற்கிறோம். பரமேசியத்தைப் பார்த்துக்கொண்டிருந்த ராப்பிடமும் யாராவது "இதால என்ன பிரயோசனம்?" என்று கேட்டிருப்பார்கள். ஆய்வுக்குக் கொடுக்கிற காசும் அம்புலன்ஸ் காசும் ஒன்றை ஒன்று பறிக்கத் தேவையில்லை. இரண்டுக்கும் இல்லை என்று கை விரிப்பவர்களிடம்தான் கணக்குக் கேட்க வேண்டும்.

எங்களுக்கு இருக்கிற கவலை வேறு. ஒரு நாளைக்கு அந்த ஒளி மருந்து மலிவாகி, இந்த மலைக்கே வந்துவிட்டது என்று வையுங்கள். அன்றைக்கும் கடிதம் ஒரு மொழியில்தான் இருந்தால், கிளினிக் நாளுக்குப் பேர் இல்லை என்றால், அது அம்மாயியின் வாய்க்குப் போய்ச் சேராது. ஆழம் இல்லாத புண்ணுக்குத்தான் வெளிச்சம் எட்டும் என்றோம். காலம் தாழ்த்தி வருகிறவருடைய புண் ஆழமாகிவிட்டிருக்கும். அவருக்கு அந்தப் புது மருந்தும் பழைய கதைதான்.

ஆகவே எங்கள் கோரிக்கைகள் சின்னவை. நோயாளியின் கையில் கொடுக்கிற எந்தக் கடிதமும் அவர் வாசிக்கிற மொழியில் இருக்க வேண்டும். தமிழும் அரச கரும மொழி என்று அரசியலமைப்பில் எழுதியிருக்கிறது, புதிதாக ஒன்றும் கேட்கவில்லை. கிளினிக் கார்ட் காட்டினால் அன்றைய பேர் விழ வேண்டும். வாய் பார்க்கப் பழக்கிய பட்டதாரிகள் தோட்டங்களுக்குப் போக வேண்டும், சம்பளத்தோடு. பாடங்களை மொழிபெயர்க்கிற எங்கள் பீடத்து நண்பர்கள், ஒரு கிளினிக் கடிதத்தை மொழிபெயர்க்கிற வேலையும் படிப்புத்தான் என்று எடுத்துக்கொள்ளலாம்.

இந்த லீவுக்கு வீட்டுக்குப் போகும்போது நீங்கள் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. வெற்றிலை போடுகிற பெரியவர்கள் இருந்தால் வெளிச்சத்துக்குக் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். போனில் இருக்கிற டோர்ச் போதும். நாக்கைத் தூக்கச் சொல்லி அடியில் பாருங்கள், இரண்டு கன்னங்களின் உட்பக்கமும் பாருங்கள். துடைத்தாலும் போகாத வெள்ளைப் படை, சிவந்த திட்டு, இரண்டு மூன்று கிழமையாகியும் ஆறாத புண், கட்டி, மூன்று விரலை நிமிர்த்தி விட முடியாத அளவுக்கு இறுகிப்போன வாய். இதில் ஏதாவது இருந்தால் எல்லாம் புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை. பயப்படுத்தாதீர்கள், ஏசாதீர்கள். பல் டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். கடிதம் தந்தால் நின்று, வாசித்து, நாளைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.